பழைய செவர்லே பிக்கப்: வாங்குவதிலிருந்து முதல் ஓட்டம் வரை

பின்சக்கரத்து டிரம்மைக் கழற்றி, தேய்ந்த பிரேக் ஷூவை எடுத்துவிட்டு, புதிதாக வந்த ஷூவைப் பெட்டியிலிருந்து பிரித்து வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. இடம் வலம் மாற்றினேன், தலைகீழாகவும் வைத்துப் பார்த்தேன். வண்டியின் தகட்டில் 1951 என்று இருந்தது. பெட்டியிலும் 1951 என்றுதான் இருந்தது. இரண்டும் உண்மை. நடுவில் இருந்த பின்அச்சுதான் வேறு வண்டியினுடையது. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு விவசாயி, அதைவிடப் பழைய வண்டியின் அச்சைக் கழற்றி இதில் பூட்டிவிட்டிருக்கிறார்.

செவர்லே அரை டன் பிக்கப்பில் 1950 வரை ஹக் வகை பிரேக், 1951இலிருந்து பெண்டிக்ஸ் வகை. பெண்டிக்ஸ் என்றால் மேலே நடுவில் ஒரே ஒரு தடித்த முளை இருக்கும். கீழே இரண்டு ஷூக்களுக்கும் இடையில் பற்கள் வெட்டிய நட்சத்திரச் சக்கரம் இருக்கும். ஷூவை வரவழைப்பதற்கு முன் டிரம்மைக் கழற்றி ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. அன்று முதல் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்: பாகம் கிடைக்கவில்லை என்று நாம் அலைகிற அலைச்சலில் பாதி, எந்தப் பாகம் வேண்டும் என்று தெரியாமல் அலைவது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பாதியைக் குறைப்பதற்காகத்தான்.

எந்த வண்டி

நான் சொல்லப்போவது 1947 கோடையில் வந்து 1955 தொடக்கம் வரை தயாரான செவர்லே பிக்கப்புகளைப் பற்றி. ‘அட்வான்ஸ் டிசைன்’ என்பது அந்த வரிசையின் பெயர். அரை டன் வண்டி 3100, முக்கால் டன் 3600, ஒரு டன் 3800. கேன்சஸில் குடியேறிய பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் இது. ஆனால் பெயர் புதிதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் 1954 வரை பம்பாய் சிவ்ரியில் வண்டிகளைப் பூட்டி விற்றது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் ‘செவர்லட் லாரி’ என்ற சொல் கடைசிவரை இருந்ததற்கு அதுவே காரணம்.

முதல் வண்டியாக எடுப்பவருக்கு நான் 3100ஐத்தான் சொல்வேன். புதிதாகச் செய்து விற்கப்படும் பாகங்கள் அதற்குத்தான் அதிகம். 3600, 3800 மலிவாகக் கிடைக்கும். ஆனால் சக்கரத்திலேயே சிக்கல் தொடங்கும். அவற்றில் பல இன்னும் வளையம் போட்டுப் பூட்டும் பழைய ரிம்மில் நிற்கின்றன. காற்றடிக்கும்போது அந்த வளையம் தெறித்தால் ஆள் பிழைப்பது கடினம். பெரும்பாலான டயர் கடைகள் அதைத் தொடவே மறுத்துவிடுகின்றன, அது சரியும்கூட. எட்டு போல்ட்டில் பொருந்தும் ஒற்றைத்துண்டு ரிம் தேடுவதற்கான செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.

காசு கொடுப்பதற்கு முன்

சட்டைப்பையில் சின்னக் காந்தம் ஒன்று போதும். கேபினின் பின்மூலைகள், கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, கால் வைக்கும் தரையின் முன்பகுதி, கேபின் அடிச்சட்டத்தில் உட்காரும் தாங்கிகள். இந்த நான்கு இடத்திலும் காந்தம் ஒட்டவில்லை என்றால் அங்கே இருப்பது புட்டி, தகரம் அல்ல. மட்கார்டு நசுங்கியிருந்தால் கவலை வேண்டாம், அதை நிமிர்த்தலாம். தாங்கி அரித்துப்போயிருந்தால் கேபினே சாய்ந்திருக்கும். கதவைத் திறந்து மெல்ல மூடிப் பாருங்கள். தூக்கி அடித்தால்தான் மூடும் என்றால் கீழே ஏதோ உட்கார்ந்துவிட்டது.

பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹாயோ பக்கத்து வண்டியைவிட, கிழக்குக் கொலராடோவிலோ நியூ மெக்சிகோவிலோ வெயிலில் காய்ந்த வண்டிக்கு இன்னும் ஐந்நூறு டாலர் கொடுத்து, ஏற்றிவரும் கூலியும் கொடுக்கலாம். பெயிண்ட் உரிந்து, இருக்கை பஞ்சாகி, ஸ்டீயரிங் வளையம் வெடித்திருக்கும். ஆனால் தகரம் தகரமாக இருக்கும்.

அடுத்தது பத்திரம். புதியவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். அந்தக் காலத்தில் பல மாநிலங்கள் வண்டியின் எண்ணுக்குப் பதிலாக இன்ஜின் எண்ணை வைத்தே உரிமைப் பத்திரம் கொடுத்தன. அதன்பின் இன்ஜின் இரண்டு முறை மாறியிருக்கும். பத்திரத்தில் இருக்கும் எண் இப்போது வண்டியில் எங்குமே இருக்காது. கதவுத் தூணில் இருக்கும் தகட்டு எண், இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அருகில் குத்தியிருக்கும் எண், பத்திரத்து எண் ஆகிய மூன்றையும் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். பத்திரம் எதனோடும் ஒத்துப்போகவில்லை என்றால், பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் மாநில வாகனப் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விற்பவர் “அதெல்லாம் சுலபமாக மாற்றிக்கொள்ளலாம்” என்பார். சுலபமானால் அவரே மாற்றிவிட்டு அதிக விலைக்கு விற்றிருப்பார். இன்னொன்று: பெயிண்ட் அடிப்பதற்காக அந்தத் தகட்டைக் கழற்றாதீர்கள். மேலே டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். கழற்றி மாட்டிய தகடு போலீஸ் கண்ணுக்குத் திருட்டு வண்டியின் தகடு போலத்தான் தெரியும்.

வண்டியின் ஜாதகம்

வண்டி வீட்டுக்கு வந்ததும் கை பரபரக்கும். ஸ்பேனரைத் தொடாமல் ஒரு மாலைப் பொழுது நோட்டும் டார்ச்சுமாக அதைச் சுற்றி வாருங்கள்.

என் வண்டித் தகட்டின் எண் 5, ஜே, பி, இ என்று தொடங்குகிறது. 5 என்பது கேன்சஸ் சிட்டி ஆலை. ஜே என்றால் 1951. பி என்றால் 3100. இ ஐந்தாவது எழுத்து, ஆகவே மே மாதம். அதன் பின் வருவது வரிசை எண்.

தகடு சொல்வதை வண்டி ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவில் முக்கோணமாகத் திறக்கும் சின்னக் கண்ணாடி 1951இல்தான் வந்தது. அழுத்தித் திறக்கும் பொத்தான் கைப்பிடி 1952இல் வந்தது. ஆகவே முக்கோணக் கண்ணாடியும் கீழே திருப்பித் திறக்கும் கைப்பிடியும் சேர்ந்த கதவு 1951ஆம் ஆண்டினுடையது மட்டுமே. முன்கண்ணாடி இரண்டு துண்டு என்றால் 1953 வரை. ஒரே துண்டு என்றால் 1954 அல்லது அதற்குப் பின். முன் கிராதியும் 1954இல்தான் மாறியது. 1951 முடிவிலிருந்து குரோம் பூச்சு குறைந்து, பல இடங்களில் வெறும் பெயிண்ட் வந்ததற்குக் கொரியப் போர் காரணம். அதைத் தெரிந்துகொள்ளாமல் 1952 வண்டிக்குப் பளபளக்கும் குரோம் கிராதியை விலை கொடுத்து வாங்கி மாட்டியவர்கள் உண்டு. அழகுதான், ஆனால் அந்த வண்டி ஆலையிலிருந்து அப்படி வரவில்லை.

இன்ஜினுக்கு வாருங்கள். 3100இல் 1953 வரை வந்தது 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின். 1954இலிருந்து 235. இரண்டும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும். மேல்மூடியைப் பாருங்கள். நடுவில் இரண்டு நட்டுகள் மட்டும் பிடித்திருந்தால் பழைய வகை. விளிம்பில் நான்கு திருகுகள் இருந்தால் 1954க்குப் பிந்தைய 235. பிறகு ஸ்பார்க் பிளக் பக்கம் போய்ப் பாருங்கள்: பக்கத் தகடு உயரமாக மேலே ஏறி, பிளக்குகள் அதற்குள் இருக்கும் வளைவுகளில் உட்கார்ந்திருந்தால் அது 216. தகடு பிளக்குகளுக்குக் கீழேயே முடிந்துவிட்டால் 235. இன்ஜின் வார்ப்பில் தேதியும் இருக்கும். மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், கடைசியில் ஆண்டின் கடைசி இலக்கம். ‘இ 12 1’ என்றால் 1951 மே 12. வார்ப்புத் தேதி வண்டி தயாரான மாதத்துக்குப் பின்னால் வருகிறது என்றால், அந்த இன்ஜின் இந்த வண்டியோடு பிறந்ததல்ல.

இப்படி இன்ஜின், கியர்பாக்ஸ், முன்அச்சு, பின்அச்சு, கேபின், பின்பெட்டி ஒவ்வொன்றுக்கும் தனி ஆண்டு எழுதுங்கள். என் நோட்டில் ஒரே வண்டிக்கு மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. இனி பாகம் கேட்கும்போது வண்டியின் ஆண்டைச் சொல்லாமல், அந்தப் பகுதியின் ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் நிற்க வேண்டும், பிறகு ஓட வேண்டும்

முழு வண்டியையும் கழற்றிப் பரப்பிவிடுவதுதான் பெரும் தவறு. கழற்ற ஒரு வாரம் போதும். பூட்ட ஐந்து வருடம் ஆகும், அல்லது பூட்டாமலேயே பெட்டி பெட்டியாக விற்றுவிடுவீர்கள். விற்பனைக்கு வரும் பாதி வண்டிகள் அப்படி நின்றுபோனவைதான். ஒரு நேரத்தில் ஒரு பகுதி. கழற்றுவதற்கு முன் படம், கழற்றிய போல்ட்டுகள் ஒரு பையில், பைக்கு மேல் எழுத்து.

பிரேக்கில் தொடங்குங்கள். மூன்று ரப்பர் ஹோஸ்கள், நான்கு சக்கரச் சிலிண்டர்கள், மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளுவதும் தரைக்கு அடியில் ஒளிந்திருப்பதுமான மாஸ்டர் சிலிண்டர், இரும்புக் குழாய்கள் என எல்லாம் புதிதாக. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று எதையும் விட்டுவைக்காதீர்கள். இந்த வண்டியில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே வழி. எந்த மூலையில் ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அதனால் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழியுள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவதை நான் ஆதரிக்கிறேன். அசல் மாறக்கூடாது என்பவர்கள் முகம் சுளிக்கட்டும். பழைய டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக்குழாயாலோ ஊதாதீர்கள். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிவிடுங்கள்.

பிறகு பெட்ரோல். 1949இலிருந்து தொட்டி கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால் வந்துவிட்டது. உள்ளே பல வருடப் பெட்ரோல் பசையாகக் காய்ந்திருக்கும். ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்துச் சுத்தம் செய்யும்வரை, வெளியே ஒரு சின்னக் கேனிலிருந்து குழாய் போட்டு இன்ஜினைச் சோதியுங்கள்.

இறுகிப்போன இன்ஜினை இழுத்து ஓட வைக்க முயலாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, தானியங்கி கியர்பாக்ஸ் எண்ணெயும் அசிட்டோனும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஊற்றி, நாள்கணக்கில் விட்டுவிடுங்கள். பிறகு ஃபிளைவீலின் பல்லில் நெம்பி, முன்னும் பின்னும் அரை அங்குலம் ஆட்டிப் பாருங்கள். எனக்கு ஒன்பதாம் நாள் அசைந்தது.

மின்சாரம் 6 வோல்ட். செல்ஃப் மோட்டார் சோம்பலாகச் சுற்றுகிறது என்று மோட்டாரை மாற்றுகிறவர்கள் அநேகம். குற்றம் பெரும்பாலும் கேபிளில். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு மின்னோட்டம் ஓட வேண்டும். இன்றைய கடையில் கிடைப்பது 12 வோல்ட் வண்டிக்கான மெல்லிய கேபிள். கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கேபிள் செய்து வாங்குங்கள். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், இன்ஜினிலிருந்து அடிச்சட்டத்துக்கு ஒரு பின்னல் பட்டையும் போட வேண்டும். துருவைச் சுரண்டிவிட்டு முறுக்குங்கள். செவர்லேயில் பேட்டரியின் எதிர்முனைதான் தரை, அதாவது அடிச்சட்டத்தோடு இணைவது. அதே காலத்து ஃபோர்டில் நேர்முனை தரை. இரண்டு வண்டிக்காரர்களும் ஒரே கொட்டகையில் இருந்தால் கவனம்.

இன்ஜின் உயிர் வந்ததும் எண்ணெய் அழுத்த முள்ளைப் பார்த்துப் பயப்படுவீர்கள். 216இன் அளவுமானியே 0 முதல் 30 வரைதான். ஓடும்போது பதினான்கு, பதினைந்தில் நின்றால் அது ஆரோக்கியம். கனெக்டிங் ராடுகளுக்கு எண்ணெய் அழுத்தத்தில் போவதில்லை. தொட்டிபோல் இருக்கும் வாய்க்காலில் எண்ணெய் நிற்கும். ராடின் அடியில் இருக்கும் சின்னக் கரண்டி ஒவ்வொரு சுற்றிலும் அதில் முங்கி அள்ளிக்கொள்ளும். ராடின் பேரிங், உருக்கி ஊற்றிய வெள்ளை உலோகம். தேய்ந்தால் மூடிக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுத்துவிட்டு இடைவெளியைக் குறைப்பார்கள். இப்படிச் செய்த இன்ஜினை மணிக்கு 50 மைலுக்கு மேல் வெகுநேரம் விரட்டினால் அது பழிவாங்கும். வெள்ளை உலோகம் ஊற்றும் பட்டறைகள் இன்று மிகக் குறைவு. உங்கள் 216 உள்ளே தட்டும் ஓசை கொடுக்கிறது என்றால், 1954க்குப் பிந்தைய 235ஐத் தேடுவது மலிவு. அதன் நீர்ப்பம்பு உட்காரும் இடம் பிற்கால இன்ஜின்களில் மாறியது. அதற்கென இடைத்தகடு விற்கிறார்கள், அதையும் சேர்த்து வாங்குங்கள்.

பாகம் தேடுவது

முதலில் பட்டியல் விற்பனையாளர்கள். மிசூரியில் ஜிம் கார்ட்டர், வாஷிங்டன் மாநிலத்தில் செவ்ஸ் ஆஃப் த 40ஸ் போன்ற கடைகள் இந்த வண்டிக்கென்றே இருக்கின்றன. ரப்பர், பிரேக், மின்கம்பித் தொகுதி, தரைத் தகரம், பின்பெட்டிப் பலகை எல்லாம் புதிதாகக் கிடைக்கும். ‘1947 முதல் 1955 வரை பொருந்தும்’ என்ற வரியை மட்டும் நம்பாதீர்கள். தொலைபேசியில் அழைத்து, உங்கள் நோட்டில் இருக்கும் ஆண்டையும் பழைய பாகத்தின் அளவையும் சொல்லிக் கேளுங்கள். கவுண்டரில் இருப்பவர்களில் பலர் இதே வண்டி ஓட்டுகிறவர்கள்தான். புதியது பூட்டி ஓடும்வரை பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். உடைந்த பாகம்தான் உங்களிடம் இருக்கும் ஒரே வரைபடம்.

செவர்லே என்ற பெயரையே சொல்லாமல் வாங்கக்கூடிய பாகங்களும் நிறைய. பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிவளையத்தின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓர் எண் தெரியும். அந்த எண்ணோடு தொழிற்சாலைகளுக்கு பேரிங் விற்கும் கடைக்குப் போனால் அவருக்கு வண்டி எதுவென்றே தெரிய வேண்டியதில்லை. எண்ணெய்ச் சீலுக்கும் அப்படியே: தண்டின் விட்டம், துளையின் விட்டம், தடிமன் என்று மூன்று அளவு. முன்சக்கரத்தின் அசல் குண்டு பேரிங் மட்டும் விதிவிலக்கு. கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். உருளை பேரிங்காக மாற்றித் தரும் தொகுதியை வாங்கிவிடுங்கள்.

கண்ணாடிக்கும் அலைய வேண்டாம். 1953 வரை முன்கண்ணாடி இரண்டும் தட்டை. அட்டையில் வரைந்துகொண்டு போனால் எந்தக் கண்ணாடிக் கடையிலும் அடுக்குக் கண்ணாடியில் வெட்டித் தருவார்கள். கேபினின் பின்மூலையில் கண்ணாடி உள்ள வண்டியானால் அது வளைந்த கண்ணாடி, வெட்டிச் செய்ய முடியாது. அதை உடைக்காமல் கழற்றப் பழைய ரப்பரை வெட்டி எறிந்துவிடுங்கள். ரப்பரைக் காப்பாற்றப் போய்க் கண்ணாடியைப் பறிகொடுக்க வேண்டாம்.

இனி நான் அதிகம் லாபம் பார்த்த வழி. அரை டன் பிக்கப்பின் கேபினும் இரண்டு டன் லாரியின் கேபினும் ஒன்றே. ஜிஎம்சி என்ற பெயரில் வந்த சகோதர வண்டிக்கும் அதே கேபின். பிக்கப்பின் பின்னால் உலகமே ஓடுகிறது. தானியம் ஏற்றிய பெரிய லாரியை யாரும் சீந்துவதில்லை. கேன்சஸில் பண்ணைகளின் மரவரிசை ஓரங்களில் அவை அப்படியே நிற்கின்றன. அப்படி ஒன்றைச் சாலையிலிருந்து பார்த்து, ஒரு வீட்டின் கதவைத் தட்டினேன். “விற்கிற உத்தேசம் இல்லை” என்றார் பெரியவர். வண்டி வேண்டாம், இரண்டு கதவும் அளவுமானிப் பலகையும் போதும் என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “ஸ்பேனர் கொண்டு வந்திருக்கிறாயா?” என்றார். கையுறைப் பெட்டியைத் திறந்ததும் குளவிக்கூடு. அதற்குப் பின்னால் வெயிலே படாத அளவுமானிகள், எழுத்துகூட மங்காமல். முழு வண்டியைக் கேட்டால் மறுப்பவர்கள் ஒரு பாகத்தைக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள்.

பெரிய பழம்பாகச் சந்தைகள் இரண்டுக்காவது போய்வாருங்கள். பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் அக்டோபரில் நடப்பது மிகப் பெரியது. டெக்சஸ் ஃபோர்ட் வொர்த்தில் வசந்தகாலத்தில் ‘பேட்’ என்ற பெயரில் ஒரு சந்தை. வெர்னியர், காந்தம், ரொக்கம், தேவைப்பட்டியல் ஆகியவற்றோடு தேடும் பாகத்தின் அட்டை வரைபடமும் கையில் இருக்கட்டும். பாகத்தின் மேல் வார்ப்பில் வந்திருக்கும் எண்ணும், உதிரிபாகப் பட்டியலில் உள்ள எண்ணும் பல சமயம் ஒன்றாக இருக்காது. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கே ‘புதிய பழைய சரக்கு’ என்று கூவுவார்கள். அன்று செய்து, பெட்டி பிரிக்காமல் கிடந்த அசல். பல்சக்கரம், தண்டு, விளக்கு வளையம் என்றால் தயங்காமல் வாங்குங்கள். அதே பெட்டியில் பிரேக் சிலிண்டரின் ரப்பர் கிண்ணம் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எழுபது வயது ரப்பர், பெட்டி பிரிக்காமல் இருந்தாலும் எழுபது வயதுதான்.

மட்கார்டு விஷயத்தில் என் கருத்து சற்றுக் கடுமையானது: புதிதாக அச்சடித்து விற்கும் மட்கார்டைவிட நசுங்கிய அசல் மேல். நசுக்கலை ஒரு நல்ல டிங்கர் இரண்டு நாளில் எடுத்துவிடுவார். புதியதன் துளைகள் பொருந்தாமல் போனால் அந்த இரண்டு நாளும் அதை இழுத்து வளைப்பதிலேயே போகும்.

தகர வேலை

வெட்டுவதற்கு முன் கதவை மாட்டி, சுற்றிலும் இடைவெளி பார்த்து, கேபினுக்குள் குறுக்குக் கம்பிகளைப் பற்றவையுங்கள். இல்லாவிட்டால் மூலையை வெட்டியதும் கேபின் விரிந்துவிடும். அதன்பின் எந்தக் கதவும் பொருந்தாது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். 18 கேஜ் தகரம். ஒரே கோடாகப் பற்றவைத்தால் சூட்டில் அப்பளம்போல் நெளியும். அங்குமிங்கும் புள்ளி வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்ப வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், ஈரத்தோடு தேயுங்கள், முகமூடி போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பெயிண்ட் அடிப்பதை இன்னொருவரிடம் விட்டேன், அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் ஓட்டம்

சாவியைத் திருப்பி, சோக்கை இழுத்து, கிளட்சை மிதித்து, வலது காலால் தரையில் இருக்கும் ஸ்டார்ட்டர் மிதியை அழுத்துங்கள். வீட்டைச் சுற்றி ஐந்து மைல் மட்டும், 35க்கு மேல் போகாமல். கருவிப்பெட்டி, தண்ணீர், தீயணைப்பான் பக்கத்து இருக்கையில். திரும்பி வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கி, நான்கு டிரம்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். நான்கும் ஒரே இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சக்கரத்தில் ஷூ உரசுகிறது. ஜாக்கில் தூக்கி, நட்சத்திரச் சக்கரத்தை இரண்டு பல் தளர்த்துங்கள். சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கிவிட்டு, நாளைக்கு இன்னும் ஐந்து மைல்.